பிடியரிசியும் சந்தா நோட்டும்

செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஊரில் என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. கூலிக்காசு தாத்தாவின் மடியில் இருந்தது. அரிசிப் பானை மட்டும்தான் பாட்டியின் கைக்கு எட்டியது. பசியிலிருந்து கிள்ளிக் கொடுத்த அரிசி அது.

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஸ்காட்லாந்து மிஷன் வளர்த்த எங்கள் பகுதிச் சபைகளும் அதற்குள் வந்தன. திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் பங்கெடுத்து, சந்தாவும் கட்டியவருக்கே ஓட்டு. விதியில் ஆண், பெண் என்ற பேதமில்லை. எங்கள் ஊரிலோ வீட்டுக்கொரு சந்தா, அதுவும் தாத்தா பெயரில். பாட்டி ஒருமுறைகூடக் கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை. அவளைவிட யார் அந்தச் சபைக்கு உயிருள்ள உறுப்பினர்?

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்தில் கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் பெண்கள் வெகுகாலமாக வேதம் வாசிக்கிறார்கள். ஆனால் வாசகர் என்ற நிலையான பணிப்பொறுப்பு அவர்களுக்குத் திறந்தது 2021இல்தான். வேலை முதலில், பெயர் பிறகு! எங்கள் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். முதல் பெண் பேராயர் அவர். பாட்டி அதைப் பார்க்கவில்லை.

ஊர்ச் சபையின் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். சந்தாப் பக்கத்தில் வரிசையாகப் பெயர்கள். அரிசிப் பக்கத்தில், ‘பெண்கள், 6 படி’.