தொடக்கக்கால அடிபந்தாட்ட வீரர்களின் கடிதங்கள்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் முறைப்படுத்தப்பட்டது. அக்கால வீரர்களும் மேலாளர்களும் எழுதிய கடிதங்கள் இவ்விளையாட்டின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். இன்று இவை நூலகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன.

ஹாரி ரைட்டின் கடிதங்கள்

இங்கிலாந்தின் செஃபீல்டில் 1835இல் பிறந்த ஹாரி ரைட், துடுப்பாட்ட வீரர் ஒருவரின் மகன். 1869இல் வெளிப்படையாக ஊதியம் பெற்று ஆடிய முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்சை இவர் வழிநடத்தினார். போட்டி நாள், நுழைவுக் கட்டணப் பங்கு, வீரர் ஊதியம் ஆகியவற்றைக் கடிதம் வழியாகவே பேசி முடித்தார். பொழுதுபோக்கு ஆட்டம் தொழிலாக மாறிய விதத்தை இக்கடிதங்கள் காட்டுகின்றன. ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் சேகரிப்பில் இருந்த இவை, அவரது மறைவுக்குப் பின் 1921இல் நியூயார்க் பொது நூலகத்திற்கு வழங்கப்பட்டன.

ஒரு கடிதம் உருவாக்கிய கதை

அடிபந்தாட்டத்தின் தோற்றத்தை ஆராய 1905இல் மில்ஸ் குழு அமைக்கப்பட்டது. 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே இவ்விளையாட்டை உருவாக்கினார் என்று ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர் கடிதம் எழுதினார். 1907இல் குழு அதை ஏற்றது. ஆனால் 1839இல் கிரேவ்சுக்கு வயது ஐந்துதான். டபுள்டே வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். எனினும் இக்கதையை ஒட்டியே 1939இல் கூப்பர்ஸ்டவுனில் புகழ்மிக்கோர் அரங்கம் திறக்கப்பட்டது. எந்தக் கடிதத்தையும் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சந்தையும் திருட்டும்

டாக் ஆடம்சு உள்ளிட்டோரின் 1857ஆம் ஆண்டு விதிமுறைக் கையெழுத்துப்படிகள் 2016இல் 32.6 இலட்சம் டாலருக்கு ஏலம்போயின. விலை உயர்ந்ததால் போலிகளும் திருட்டும் பெருகின. எழுதப் படிக்கத் தெரியாத ஜோ ஜாக்சனின் பெயரில் அவர் மனைவி கேட்டியே பெரும்பாலும் கையொப்பமிட்டார். எனவே ஜாக்சன் தாமே இட்ட கையொப்பம் மிக அரிது. நியூயார்க் நூலகத்திலிருந்த ரைட்டின் கடிதத் தொகுதிகள் சில காணாமற்போயின. 2009இல் ரைட்டுக்கு வந்த கடிதங்கள் ஏலத்திற்கு வந்தபோது, அவை திருடப்பட்டவையா எனக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை விசாரித்தது.

பழைய தாளையும் மையையும் சோதிப்பது மட்டும் போதாது. ஒரு கடிதம் யார் யார் கைமாறி வந்தது என்ற விவரமும் தேவை. தொகுப்பிலிருந்து பிரிந்த கடிதத்திற்கு விலை கிடைக்கலாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டவற்றோடு சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு ஆய்வாளருக்கு இல்லாமற்போகிறது.