திருநெல்வேலி ரத வீதிகள்

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர்–காந்திமதி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கீழ, தெற்கு, மேல, வடக்கு ரத வீதிகள் நகரின் பழமையான கடைவீதிகள். தேர் செல்லும் வழி என்பதால் வீதிகளின் போக்கு பெரிதும் மாறவில்லை. அவற்றின் இருமருங்கிலும் உள்ள கட்டடங்களும் தொழில்களும் மாறிவந்துள்ளன.

தேரோட்டம்

ஆனிப் பெருந்திருவிழாவின் 9ஆம் நாள் விநாயகர், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் ஆகிய 5 தேர்களும் இவ்வீதிகளில் வலம் வருகின்றன. தமிழகத்தின் பெரிய தேர்களுள் ஒன்றான சுவாமி தேரைப் பக்தர்களே வடம்பிடித்து இழுக்கின்றனர். வாகையடி முக்கு போன்ற திருப்பங்களில் தேரைத் திருப்பத் தாராளமான இடம் தேவை.

கட்டடங்கள்

இப்பகுதியின் பழைய வீடுகள் குறுகிய முகப்புடன் திண்ணை, தார்சா (முன்னறை), பட்டாசாலை (கூடம்), அடுக்களை என உள்நோக்கி நீள்பவை. வியாபாரம் பெருகியபோது தெருவை ஒட்டிய பகுதி கடையானது. பின்கட்டு குடியிருப்பாகவோ சரக்கறையாகவோ நின்றது. பின்னர் பல மனைகளில் கான்கிரீட் மாடிக் கட்டடங்கள் எழுந்தன.

வணிகம்

கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை, ராஜஸ்தானத்திலிருந்து வந்த சிங் குடும்பத்தாரின் அல்வாக் கடை. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அல்வாவை மாலையில் விற்கும் இக்கடை, நூறாண்டு கடந்தும் பழைய தோற்றத்தை விடவில்லை. 1920இல் நெல்லையில் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகமும் இவ்வீதியில் இயங்கியது. சங்க நூல்களை உரையுடன் பரவலாக்கிய பதிப்பகம் இது.

வடக்கு ரத வீதி ஜவுளிக்குப் பெயர்பெற்றது. 1924இல் விஸ்வநாத பிள்ளை தொடங்கிய ஆரெம்கேவி இங்கிருந்து வளர்ந்து, பின்னர் வண்ணார்பேட்டையில் பெரிய கடை திறந்தது. 1923இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த போத்தீஸும் இவ்வீதிக்கு வந்தது.

நகரின் விரிவு

1843இல் சுலோசன முதலியார் பாலம் தாமிரபரணி ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டையைத் திருநெல்வேலியுடன் இணைத்தது. 1876இல் ரயில் வந்தது. நிலையம் டவுனுக்குக் கிழக்கே அமைந்ததால் அங்கே ஜங்ஷன் என்னும் இரண்டாவது கடைப்பகுதி உருவாயிற்று. டவுனையும் ஜங்ஷனையும் இணைக்கும் சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் ஈரடுக்கு மேம்பாலம் 1970களில் பயன்பாட்டுக்கு வந்தது. பேருந்துப் பயணிகளை நம்பிய கடைகள் ஜங்ஷனுக்குச் சென்றன. கார் நிறுத்த இடம் தேடிய பெருங்கடைகள் புறவழிச்சாலையை நாடின. கோயிலுக்கு வருவோரையும் கல்யாணச் சாமான் வாங்குவோரையும் நம்பிய நகை, பாத்திர, ஜவுளிக் கடைகள் டவுனில் தங்கின.

2017இல் திருநெல்வேலி பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. அதன்கீழ் டவுனின் பழைய போஸ் மார்க்கெட் இடிக்கப்பட்டுப் புதிய வளாகம் கட்டும் பணி மேற்கொள்ளப்பட்டது.