ராமர் படம் போட்ட 1818 காசு... லட்சக்கணக்கில் விலை போகுமா?

ராமர் பட்டாபிஷேகப் படத்தோட, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818'னு பொறித்த காசு உங்க வீட்டில் இருக்கா? அது புழக்கத்தில் இருந்த நாணயமே இல்லை. பக்தர்களுக்காக அச்சடித்த வில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டு: பல வில்லைகளில் 1616, 1717, 1818 என ஒரே எண் இரட்டிப்பாக இருக்கும்.

படம்: கம்பெனியின் நிஜமான 1835 அரையணாவில் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி சின்னம், மறுபக்கம் இலை வளையம். சாமி உருவம் மதராஸ் வராகன்களில் இருந்தது.

'லட்சங்கள் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க'ன்னு போன் வந்தா உஷார். பழைய காசுகளை வாங்கி விற்பதில்லை, அதற்குக் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

காசு பூஜையறையில் இருக்கட்டும். கமிஷன் மட்டும் கட்டிடாதீங்க!