கொள்ளைநோயும் இறுதிச் சடங்கும்: லண்டன் முதல் ஓட்டமாவடி வரை

தொற்றுநோய்க் காலத்துச் சாவு வீட்டில் ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று இறந்தவரின் உடல். மற்றொன்று துக்கம் கேட்கக் கூடியிருப்பவர்களின் மூச்சு. எந்த நோயில் எது என்று தெரியாத காலத்தில் இரண்டையும் சேர்த்தே தடுத்தார்கள். தெரிந்த பிறகும் சில இடங்களில் பழைய பயமே சட்டமாயிற்று.

1665ஆம் ஆண்டு லண்டனில் பிளேக் பரவியபோது மாநகர நிர்வாகம் வெளியிட்ட ஆணைகள் அடக்கத்தைச் சூரிய உதயத்துக்கு முன்போ அஸ்தமனத்துக்குப் பின்போ மட்டுமே அனுமதித்தன. அண்டை அயலாரும் நண்பர்களும் சவத்தோடு தேவாலயத்துக்குப் போகக் கூடாது. குழந்தைகள் அருகே வரக் கூடாது. குழி குறைந்தது ஆறடி ஆழம் இருக்க வேண்டும். அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்ற நம்பிக்கையில் எழுந்த விதிகள் இவை. எலியிலிருந்து நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதைக் கராச்சியில் பால் லூயி சிமோன் சோதித்துக் காட்டியது 1898இல்தான். அதே பிளேக்கின்போது இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஈம் (Eyam) கிராமத்தில் பாதிரியார் வில்லியம் மாம்பெசன் தேவாலயத்தைப் பூட்டிவிட்டு வழிபாட்டைத் திறந்தவெளிக்கு மாற்றினார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகாமல் அவரவர் நிலத்திலேயே அடக்கம் செய்வது என்று ஊர் முடிவெடுத்தது. 1666 ஆகஸ்டில் ஹான்காக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எட்டு நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள்.

1918 இன்ஃப்ளூயன்சாவின்போது கவனம் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் திரையரங்குகளோடும் தேவாலயங்களோடும் சேர்த்துச் சவ ஊர்வலங்களும் கட்டுப்படுத்தப்பட்டன. ஆனால் சடங்கைக் காப்பாற்றியபடியே நோயைத் தடுப்பது எப்படி என்று விரிவான நெறிமுறை வகுக்கப்படவில்லை. அந்த வேலை நடக்க இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

அதற்குக் காரணமானது எபோலா. இந்த நோயில் உடலே ஆபத்து. சாகும் தறுவாயில் உடல் திரவங்களில் வைரஸ் மிகுந்திருக்கும், இறந்த பின்னும் சில நாள் உயிர்ப்போடு இருக்கும். 2014இல் அது பரவிய கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் உறவினர்கள் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது மரபு; தமிழ் வாசகருக்கும் இது அந்நியமான வழக்கமல்ல. தொடக்கத்தில் அரசுகள் இதைப் பிண அகற்றலாகவே நடத்தின. 2014 ஆகஸ்டில் லைபீரிய அரசு மன்ரோவியாவில் கட்டாயத் தகனத்துக்கு உத்தரவிட்டது. எரிப்பதை அறியாத அந்த மக்களின் உடல்கள் அங்குள்ள இந்தியச் சமூகத்தார் தங்களுக்கெனக் கட்டியிருந்த தகனக் கூடத்துக்குப் போயின. விளைவு எதிர்பார்க்கக் கூடியதே: நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள். அவ்வாண்டு இறுதியில் தகனம் கைவிடப்பட்டு, டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய இடுகாடு திறக்கப்பட்டது.

புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது நேர்வதாகக் கணித்த உலக சுகாதார நிறுவனம், 2014 நவம்பர் 7 அன்று பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்துக்கான நெறிமுறையை வெளியிட்டது. மானிடவியலாளர்களும் மதத் தலைவர்களும் சேர்ந்து செய்த அந்த ஆவணத்தில் நுட்பமான இடங்கள் உண்டு. அடக்கக் குழு கவச உடையோடு வீட்டு வாசலில் வந்து இறங்கக் கூடாது. முதலில் சாதாரண உடையில் வந்து துக்கம் விசாரித்து, நடக்கப் போவதை எடுத்துச் சொல்லி, குடும்பத்தின் சம்மதம் பெற்ற பிறகே கவசம் அணிய வேண்டும். முஸ்லிம் உடலுக்கு நீரால் குளிப்பாட்டுவதற்குப் பதில் தயம்மும் (நீரில்லாத் தூய்மைச் சடங்கு) செய்து கபன் துணியால் போர்த்தலாம். தொடுவதை விலக்கிவிட்டுச் சடங்கின் மற்ற அங்கங்களைக் காப்பாற்றுவதே இதன் உத்தி.

கோவிட் எபோலாவுக்கு நேர்மாறான நோய். 2020 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நடந்த சவ அடக்க நிகழ்ச்சிகள் அந்த வட்டாரத்தையே நோய்க்களமாக்கின. பரப்பியவர்கள் சடங்குக்கு வந்த உயிருள்ளவர்கள். இந்திய சுகாதார அமைச்சகத்தின் 2020 மார்ச் நெறிமுறை இந்த வேறுபாட்டைப் பெருமளவு உள்வாங்கியிருந்தது: உறையைத் திறந்து முகம் காட்டலாம், மந்திரம் ஓதலாம், தீர்த்தம் தெளிக்கலாம், குளிப்பாட்டவும் முத்தமிடவும் கூடாது, சாம்பலால் ஆபத்தில்லை, கூட்டம் கூடாது. ஊரடங்கு ஆணை 20 பேர் என்று வரம்பு வைத்தது. இருந்தும் அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் தாக்கியது. பிணத்திலிருந்து ஊருக்கு நோய் வரும் என்ற, 1665ஆம் ஆண்டு லண்டனுக்கே உரிய பயம்தான் காரணம். தமிழக அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து, அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றது.

சென்னையில் கும்பலை ஆட்டிய பயம் இலங்கையில் அரசாணையாகவே வந்தது. அடக்கம், தகனம் இரண்டையும் ஏற்றிருந்த வழிகாட்டல் 2020 மார்ச் இறுதியில் திருத்தப்பட்டது. ஏப்ரல் 11 அன்று வெளியான வர்த்தமானி (அரசிதழ்) தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். தொற்றில் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தை ஒன்றின் ஜனாஸா (உடல்) எரிக்கப்பட்டபோது, கொழும்பு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைக் கபன் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களை நாட்டின் உச்ச நீதிமன்றம் அம்மாதத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்திருந்தது.

2021 பிப்ரவரி 25 அன்று புதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. அடக்கத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரணைதீவின் தமிழ் மீனவர்கள் எதிர்த்ததால், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மார்ச் 5 முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அடக்கத்துக்கு உடல் அங்கேதான் போக வேண்டியிருந்தது. அந்த இடுகாட்டில் 3,600க்கும் மேற்பட்டோர் அடங்கியுள்ளனர். சொந்த ஊர் மையவாடிகளில் (முஸ்லிம் இடுகாடுகளில்) அடக்கம் செய்ய 2022 மார்ச்சில்தான் வழி பிறந்தது. கட்டாயத் தகனத்துக்காக இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது.