இராமானுசன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்து குடந்தையில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் நீண்டதோர் ஆய்வுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவ்வுரை கருதியே அவர்க்குப் பட்டம் அளித்தது. அதன்கண் உள்ள பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அவ்விடுபாட்டை அறியுமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். தன்னிற் சிறிய எவ்வெண்ணினும் மிகுதியான வகுத்திகளையுடைய எண்ணை இராமானுசன் ஒரு தனி வகையாக்கினார். அதனை மிகுபகு எண் என வழங்குவோம். 12க்கு 6 வகுத்திகள் உள. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்துணை இல்லை. ஆகவே 12 இவ்வகையினது. இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக விரித்தால், 2 முதலாக அவை இடையறாது வரும். அவற்றின் அடுக்குகள் முன்னதினும் பின்னது மிகா. 4, 36 என்னும் இரண்டும் ஒழிய, ஏனையவற்றின் இறுதி அடுக்கு 1 ஆகும். இவை அவர் நிறுவிய விதிகள்.

பட்டியல் 6746328388800 வரை 102 எண்களைத் தருகின்றது. அதில் 240940299600க்கு அடுத்து 321253732800 நிற்கின்றது. முன்னதற்கு 4800 வகுத்திகள், பின்னதற்கு 5376. பட்டியல் முழுமையுடையதாயின், இடைப்பட்ட எவ்வெண்ணுக்கும் 4800க்கு மேற்பட்ட வகுத்திகள் இருத்தல் கூடாது. இனி, 293318625600 என்பதை நோக்குக. இதன்கண் 2இன் அடுக்கு 6; 3இன் அடுக்கு 4; 5, 7 இவற்றின் அடுக்கு 2; 11, 13, 17, 19 இவற்றின் அடுக்கு 1. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்க, 5040 வகுத்திகள் கிடைக்கின்றன. எனவே பட்டியல் குறையுடைத்து என்பது தெளிவு. விடுபட்டது இவ்வெண்ணே.

மேலும், இதனை 23ஆற் பெருக்கினால் 6746328388800 வரும். அதுவே பட்டியலின் இறுதி எண். ஆதலின் இவ்வடுக்கமைப்பு ஆசிரியர் அறியாததன்று. குறை பட்டியலைச் சாரும், விதியைச் சாராது.

ஏட்டுச் செய்யுளில் ஒரு சீர் சிதைந்தால், யாப்பிலக்கணம் சிதைந்த இடத்தைக் காட்டும், சீரைத் தாராது. இங்கோ ஆசிரியர் வகுத்த இலக்கணம் இடத்தையும் எண்ணையும் ஒருங்கே மீட்டுத் தருகின்றது. அவ்வாய்வுரையில் அன்று அச்சேறாது நின்ற பகுதி 1997ஆம் ஆண்டு குறிப்புரையுடன் வெளிவந்துள்ளது. அதனைப் பயில்வோரும் விதியைக் கைக்கொண்டே பட்டியலை அளந்தறிதல் வேண்டும். ஆசிரியரை மதித்தலும் அதுவேயாம்.