உப்புப் போட்ட ஐஸ்

1968-இல் அலாஸ்காவின் வடகரையில் எண்ணெய் கிடைத்தது. அதைக் கப்பலில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க, 'மான்ஹாட்டன்' என்ற எண்ணெய்க் கப்பலைத் தயார் செய்தார்கள். அதற்காக 1969-இல் ஹெல்சின்கியில், பழைய குண்டுவீச்சுப் பதுங்கிடம் ஒன்றில் ஐஸ் தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பலை ஓட்டிப் பார்த்தார்கள். லெனின்கிராடில் 1955-லேயே இப்படி ஒரு தொட்டி இருந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கப்பலை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஐஸின் கனத்தையும் பலத்தையும் அதே அளவு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொம்மைக் கப்பல் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் தண்ணீரில் உப்பைக் கரைத்து உறைய வைத்தார்கள். உப்பு ஐஸ் சுலபமாக உடையும். பிற்பாடு கனடாவில் யூரியாவைக் கரைத்தார்கள். நம் வயலுக்குப் போடும் அதே யூரியாதான்!

மான்ஹாட்டன் அவ்வாண்டே வடமேற்குக் கடல்வழியைக் கடந்தது. ஆனால் மக்ளூர் நீரிணையில் சிக்கி, வேறு வழியாகச் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. எண்ணெயைக் கடைசியில், 1977-இல், குழாய் வழியேதான் கொண்டுவந்தார்கள். ஹெல்சின்கியில் ஐஸ் தொட்டிப் பரிசோதனை மட்டும் இன்றும் நடக்கிறது.