இளையராஜாவின் சிம்பொனிகள்

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இசையமைப்பாளர் இளையராஜா, லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கென இரண்டு சிம்பொனிகள் எழுதியுள்ளார். முதலாவது 1993-இல் ஒலிப்பதிவாகி, இன்றுவரை வெளிவராதது. மற்றொன்று, 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அரங்கேறிய ‘வேலியன்ட்’. இரண்டுக்கும் நடுவில் 32 ஆண்டுகள். அந்த இடைவெளியில், 2005-இல், மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆர்கெஸ்ட்ராவுக்கும் குரலுக்கும் அவர் அமைத்தார். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தமிழ்நாட்டில் சிம்பொனி இசையின் வரலாறு பிடிபடும்.

மேற்கத்திய இசையோடு தமிழ் மண்ணுக்கு இருந்த உறவு சினிமாவில் தொடங்கியதன்று. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, சென்னையில் ஆங்கிலேயர் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக்குழு இசைத்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் எனப்படும் அவ்வுருப்படிகள் ஏறக்குறைய நாற்பது. அவருடைய தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் பஞ்சபூதத் தலங்களைப் பாடிய தீட்சிதர், அக்கினித் தலமான திருவண்ணாமலைக்கு சாரங்க ராகத்தில் ‘அருணாசலநாதம்’ செய்தார். கோட்டை வாத்தியமும் அண்ணாமலையார் சந்நிதியும் ஒரே செவிக்குள் சேர்ந்து இருந்தன என்பதை இந்த வரலாற்றின் முதல் அத்தியாயமாகக் கொள்ள வேண்டும்.

ஆனாலும் தீட்சிதர் எடுத்துக்கொண்டது மெட்டை மட்டுமே. ஹார்மனியும் கவுண்டர்பாயிண்ட்டும், அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்குவதும், தனித்தனி மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடுவதும், தேவாலயப் பாடகர் குழுக்களிடமும் சென்னையின் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடமுமே பெரிதும் தங்கியிருந்தன. திரைப்பட ஸ்டுடியோக்கள்தான் அந்த வேலியைத் தளர்த்தின. வயலின், செல்லோ, டிரம்பெட் வாசிப்பவர்களுக்கு அங்கே அன்றாடப் பிழைப்பு கிடைத்தது. நோட்ஸ் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பும் கிடைத்தது.

அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்த இளையராஜா, 1960-களின் கடைசியில் சென்னை வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசைக்குறிப்பு முறையும் கற்றார். பின்னர் இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷுக்கு உதவியாளரானார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது நாடு கேட்டது கிராமத்து மெட்டை. அதற்கடியில் வயலின்கள் என்ன செய்கின்றன என்பதைச் சிலரே கவனித்தனர். பாடலின் எல்லாக் கருவிகளுக்கும் எந்த வாத்தியத்தையும் தொடாமல் தாளிலேயே எழுதி முடித்து, வாசிப்பவர்களிடம் கொடுத்துவிடும் அவருடைய முறை, சிம்பொனி எழுதுபவரின் முறையேதான்.

1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஓர் உருப்படியில், பாக்கின் தனி வயலின் படைப்பு ஒன்றோடு கர்நாடக நடையில் இன்னொரு வரி உரையாடுகிறது. இரு இசைமரபுகளுக்கும் இடையிலான பாலத்தைப் பற்றிப் பலரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அதைக் கட்டிக் காட்டினார். 1988-இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது.

இவை யாவும் சிறு வடிவங்கள். பாடலின் இடையிசை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னணி இசை காட்சி மாறும்போது நின்றுவிடும். சிம்பொனிக்குச் சொல்லோ படமோ துணையில்லை. ஒரு கருப்பொருளை எடுத்து, அதை உடைத்து, வேறு சுருதிக்கு நகர்த்தி, எதிர்க்கருப்பொருளோடு மோதவிட்டு, பல பகுதிகளாக நீளும் ஒரு கட்டுமானத்தை அதன் சொந்தக் காலில் நிறுத்த வேண்டும். 1993-இல் இளையராஜா அதற்குத் துணிந்தார். ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, லண்டனில் ஒலிப்பதிவு நடந்தது. தமிழகம் விழா எடுத்தது. இசைத்தட்டு வரவில்லை. ஒரு படைப்பைப் பற்றிய பெருமை மட்டும் தலைமுறைகளைக் கடந்து வர, படைப்பு கேட்கப்படாமலே இருப்பது தமிழ் இசைக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

‘திருவாசகம்’ 2005 ஜூன் 30 அன்று வெளியானது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது; லாஸ்லோ கோவாச் நடத்தினார்; ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார்; ஜெகத் கஸ்பர் ராஜ் அடிகளாரின் தமிழ் மையம் தயாரித்தது. ‘சிம்பொனியில் திருவாசகம்’ என்று பெயர் பெற்றாலும், இலக்கணப்படி இது ஒரட்டோரியோ. தனிக்குரலும் குழுப்பாடலும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரு சமய நூலைச் சொல்லும் வடிவம் அது. இதனால் அதன் தகுதி குறையாது. கேட்கும் முறை மாறும். சொல்லே இங்கு எஜமான். சிவபுராணத்துப் பகுதியில் தமிழ்க்குரலும் ஆங்கிலக் குழுப்பாடலும் மாறி மாறி எழும்போது, சொல்லின் நிறுத்தங்களுக்கு ஏற்ப வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடுவதைக் கேட்கலாம்.

யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்தே பாடல்கள் எடுக்கப்பட்டன. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாக மரபு சொல்லும் திருவெம்பாவையும் திருவம்மானையும் இதில் இல்லை. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பும் உரையாடலாக அமைந்த இருபது பாடல்கள் திருவெம்பாவை. குரல்களைப் பிரித்து எதிரெதிரே நிறுத்தும் ஆர்கெஸ்ட்ரா வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் நூல் அரிது. அதை யாராவது எழுத வேண்டும். இளையராஜாவே எழுதினால் இன்னும் நல்லது. திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியிடம் ஆழ்ந்த பக்தி கொண்ட அவருக்கு அது புதிய ஊரன்று. ‘ரமண மாலை’ முதலிய தொகுப்புகளில் ரமணர் மீது அவரே எழுதி இசையமைத்த பாடல்கள் உள்ளன. ஆர்கெஸ்ட்ராவின் அடுக்குகளையெல்லாம் விலக்கிவிட்டுப் பாடும் இளையராஜாவை அங்கே காணலாம்.

சிம்பொனி எழுதிய முதல் ஆசியர் என்ற அடைமொழி இளையராஜாவுக்கு அடிக்கடி தரப்படுகிறது. அது சரியன்று. ஜப்பானின் யமாதா கோசாகு 1912-இலேயே பெர்லினில் ஒரு சிம்பொனி எழுதினார். இந்தியாவிலிருந்து ரவிசங்கரின் சிம்பொனியை 2010-இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் அரங்கேற்றியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்பிரமணியத்தின் ஆர்கெஸ்ட்ரா படைப்பு ஒன்றை 1985-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் சுபின் மேத்தா தலைமையில் வாசித்தது. இளையராஜாவின் இடம் வரிசை எண்ணால் வந்ததன்று. அடைமொழியை விட்டுவிட்டு இசையைப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஒப்பிடுவதற்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பான்தான் பொருத்தமான இடம். அங்கேயும் சினிமாவுக்கு எழுதியவர்களே பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகளையும் தந்தார்கள். ‘காட்ஸில்லா’ படத்துக்கு இசையமைத்த இஃபுகுபே அகிரா, அதே 1954-இல் ‘சின்ஃபோனியா தப்காரா’ எழுதினார். ஹொக்கைடோவில் ஐனு மக்களுக்கு அருகே கழித்த சிறுவயதும் அவர்களுடைய ஆட்டமும் அதன் ஊற்று. 1979-இல், 65 வயதில், அதை மறுபடி எடுத்துத் திருத்தினார். விரைவாகத் தொடங்கிய முதல் பகுதிக்கு நிதானமான ஒரு முன்னுரை சேர்ந்தது. அவருடைய மாணவர் மயுசுமி தோஷிரோ, கோயில் மணிகளின் ஓசையை ஆராய்ந்து, அதில் கலந்துள்ள சுரங்களை வாத்தியங்களுக்குப் பங்கிட்டு, பௌத்த ஓதலையும் சேர்த்து 1958-இல் ‘நிர்வாண சிம்பொனி’ படைத்தார். மேற்கின் வடிவத்தை நிரப்பச் சொந்த ஊரின் ஒலியே போதும் என்று அவர்கள் நம்பினார்கள்.

இஃபுகுபே செய்ததற்கு மாறாக, இளையராஜா பழையதைத் திருத்தவில்லை, புதிதாக எழுதினார். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் முடித்ததாக அவரே அறிவித்த ‘வேலியன்ட்’ நான்கு பகுதிகள் கொண்டது. மிக்கேல் டாம்ஸ் நடத்த, அதே ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. அப்போது இளையராஜாவுக்கு வயது 81. நிகழ்ச்சியின் பிற்பகுதியில் அவருடைய திரைப்பாடல்களும் இடம்பெற்றன. அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய ஐம்பது ஆண்டு இசைப்பயணத்துக்குத் தமிழ்நாடு அரசு சென்னையில் பாராட்டு விழா நடத்தியது.

விழாக்களுக்கு அப்பால் மிச்சமிருக்கும் பணி பெரியது. 1993-ஆம் ஆண்டுப் படைப்பின் இசைக்குறிப்பை அச்சிட வேண்டும். மாணவர் படித்து வாசிக்க வேண்டும். இஃபுகுபேயின் முந்தைய வடிவையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து ஜப்பானிய மாணவர் கற்க முடிவதுபோல, 50 வயது இளையராஜாவையும் 81 வயது இளையராஜாவையும் ஒப்பிட்டுக் கற்க நம் பிள்ளைகளுக்கும் வழி வேண்டும். நாட்டின் தொழில்முறை சிம்பொனி இசைக்குழு 2006 முதல் மும்பையில் இயங்குகிறது. சென்னையில் அப்படி ஒன்று நிலைபெற்றால், தமிழர் எழுதும் சிம்பொனி அரங்கேற லண்டனுக்கோ புடாபெஸ்டுக்கோ போக வேண்டியிராது.